ஒன்பதில் ஏறி எட்டில் இறங்கியவர்

1977 மே மாதம் இலங்கையின் தலைமன்னாரில் ராமானுஜம் கப்பலில் ஏறியபோது என் பெரியப்பா ஒன்பதாம் வகுப்பு. ஜூன் கடைசியில் கூடலூர்ப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் சேர்ந்தபோது எட்டாம் வகுப்பு. நடுவில் அவர் எந்தத் தேர்விலும் தோற்கவில்லை, கடலைத் தாண்டினார், அவ்வளவுதான். அதே கப்பலில் வந்த என் அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. இங்கே இரண்டாம் வகுப்பில் போய் உட்கார்ந்தார், மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து படித்து முடித்தார், வங்கி வேலைக்குப் போனார். ஒரே வீடு, ஒரே கப்பல். அண்ணனுக்கு மூன்று வருடத்துக்கு மேல் போனது, தம்பிக்கு ஒரு நாள்கூடப் போகவில்லை.

"அவனுக்கு இங்கிலீஷ் வரல" என்று வீட்டில் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். நானும் வெகுகாலம் அதை நம்பினேன். அப்புறம் ஒரு நாள், இரண்டு நாட்டுக் கல்வி மாற்றங்களையும் வருடவாரியாக ஒரு தாளில் எழுதி, பக்கத்தில் பெரியப்பாவின் வயதையும் எழுதிப் பார்த்தேன். 1972இல் இலங்கை தன் பள்ளி அமைப்பைப் பிரித்து அடுக்கியிருக்கிறது. 1977இல் ஆட்சி மாறியதும் மறுபடி பிரித்திருக்கிறது. 1978இல் தமிழ்நாடும் பிரித்து அடுக்கியிருக்கிறது. மூன்றும் நடந்த காலத்தில்தான் அவர் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்.

அவர் பிறந்தது 1962இல், ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில். இலங்கையின் இலவசக் கல்வி என்றதும் அன்றைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் பெயரைச் சொல்வார்கள். 1945இலிருந்து பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணம் கிடையாது, தொடக்கக் கல்வி தாய்மொழியில். அன்றைய ஆசியாவில் அது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தத் திட்டம் தோட்டத்துக்குள் வரவில்லை. தோட்டப் பள்ளிக்கூடம் துரையின், அதாவது தோட்ட நிர்வாகியின் பொறுப்பு. 1920ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கவேண்டிய கடமையைத் துரைமார் தலையில் போட்டிருந்தது. அவர்களும் வைத்தார்கள். நீளமாக ஒரே அறை, ஒரு மாஸ்டர், அவருக்கு முன்னால் ஐந்து வகுப்பு. ஒரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்போது மற்ற நாலு வகுப்பும் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும். ஐந்தாவதோடு சரி.

1960-61இல் இலங்கை அரசு உதவி பெற்று நடந்த மிஷன் பள்ளிகளையும் மற்றச் சமயப் பள்ளிகளையும் எடுத்துக்கொண்டபோதும் தோட்டப் பள்ளிகளை விட்டுவிட்டது. அவற்றை எடுக்கும் வேலை 1970களின் பிற்பகுதியில்தான் சூடுபிடித்தது. இந்தத் தாமதத்துக்கு நிர்வாகக் காரணங்கள் பல சொல்கிறார்கள். எனக்கு ஒன்றுதான் முக்கியமாகப் படுகிறது. 1948 குடியுரிமைச் சட்டத்துக்குப் பிறகு தோட்டத்துச் சனங்களில் பெரும்பாலோருக்கு நாடும் இல்லை, ஓட்டும் இல்லை. ஓட்டில்லாத இடத்துக்குப் பள்ளிக்கூடம் கட்ட யாருக்கு என்ன அவசரம்?

இலங்கைக் கல்விக் கொள்கை என்றால் தமிழ்நாட்டில் நமக்குத் தெரிந்தது தரப்படுத்தல். 1971இல் மருத்துவ அனுமதிக்குத் தமிழில் எழுதியவர் 250 எடுக்க வேண்டும், சிங்களத்தில் எழுதியவருக்கு 229 போதும் என்று வைத்தார்கள். யாழ்ப்பாணம் கொதித்தது. பிறகு நடந்தவற்றுக்கெல்லாம் அதுவும் ஒரு வித்து. ஆனால் அந்தச் சத்தம் லயத்துக்குக் கேட்கவே இல்லை என்கிறார் பெரியப்பா. யாழ்ப்பாணத்தில் பிரச்சினை மருத்துவக் கல்லூரி, இவர்களுக்குப் பிரச்சினை ஆறாம் வகுப்பு.

அந்த ஆறாம் வகுப்புக்காக 1973இல் டவுன் பள்ளிக்கு நான்கு மைல் நடந்தார். அதற்கு முந்தைய வருடம்தான் இலங்கையின் பெரிய கல்விச் சீர்திருத்தம் வந்திருந்தது. 1971 ஏப்ரலில் இலங்கை அரசுக்கு எதிராக நடந்த கிளர்ச்சியில் இறங்கியவர்களில் படித்துவிட்டு வேலை இல்லாத இளைஞர்கள் ஏராளம். படிப்புக்கும் பிழைப்புக்கும் சம்பந்தமில்லாமல் போனதுதான் கோளாறு என்று பிரதமர் சிறிமாவோவின் அரசு முடிவு செய்தது. பள்ளியில் சேரும் வயதை ஐந்திலிருந்து ஆறாக்கினார்கள். கல்விப் பொதுத் தராதர சாதாரண தரம் என்ற பழைய தேர்வை எடுத்துவிட்டு, ஒன்பதாம் வகுப்பு முடிவில் தேசிய கல்விப் பொதுத் தராதரப் பத்திரம் என்று புதிதாக ஒரு தேர்வு வைத்தார்கள். 1975இல் முதல் அணி எழுதியது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே பாடத்திட்டம், எல்லாருக்கும் அறிவியல், எல்லாருக்கும் கணக்கு, கூடவே ஒரு தொழிற்பாடம்.

நோக்கத்தில் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எல்லாருக்கும் அறிவியல் என்பது நல்ல கொள்கைதான், தமிழில் அறிவியல் சொல்லித்தர ஆள் இருந்தால். பெரியப்பாவின் பள்ளியில் அறிவியல் ஆசிரியர் வருவார், மூன்று மாதத்தில் மாற்றல் வாங்கிக்கொண்டு போவார். தொழிற்பாடமாக வாய்த்தது தோட்ட வேலை. விடிகாலையில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்குப் போய் நாளெல்லாம் கொழுந்து பறிக்கும் தாயின் பிள்ளைக்கு, மண் கொத்துவது எப்படி என்று பள்ளியில் பாடம்!

1974இல் அவர் பள்ளிக்கே போகவில்லை. மலையகத்தில், அதாவது இலங்கையின் தேயிலைத் தோட்டப் பகுதியில், அது பஞ்ச வருடம். ரேஷன் மாவும் அரிசியும் குறைந்து, தோட்டங்களில் பட்டினியால் ஆட்கள் செத்தார்கள். செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவேட்டில், பேர் பதிந்து வேலைக்கு அனுப்பிவிடலாம் என்று தாத்தா சொல்லியிருக்கிறார், பாட்டி ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த வருடம் ஏழாம் வகுப்பு, 1976இல் எட்டு, 1977 ஜனவரியில் ஒன்பது. டிசம்பரில் அந்தப் புதிய தேர்வு. மே மாதம் பயணம் வந்துவிட்டது.

இது எங்கிருந்து வந்த பயணம் என்று சொல்ல வேண்டும். 1964 அக்டோபர் 30இல் சிறிமாவோவும் லால் பகதூர் சாஸ்திரியும் ஓர் ஒப்பந்தம் செய்தார்கள். நாடற்றவர்கள் 9,75,000 பேர் என்று கணக்கு. 5,25,000 பேரை இந்தியா எடுத்துக்கொள்ளும், 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும். மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். போகிறவர்களின் சேமநிதி பற்றி அந்த ஒப்பந்தம் பேசுகிறது. எடுத்துப்போகும் பணம் 4,000 ரூபாய்க்குக் கீழே கட்டுப்படுத்தப்படாது என்கிறது. போகும்வரை வேலையில் தொடர்வது பற்றியும் பேசுகிறது. தேர்வுக்கு ஏழு மாதம் இருக்கும்போது ஒரு பிள்ளையைக் கூட்டிப்போனால் அதன் படிப்பு என்ன ஆகும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. பாஸ்போர்ட் எப்போது கைக்கு வருகிறதோ, தோட்டத்தில் எப்போது கணக்கு முடிக்கிறார்களோ, அப்போதுதான் பயணம். பள்ளிக்கூட நாட்காட்டியை யார் பார்த்தார்கள்?

தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு மலையகத்தில் 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர். ஏற்றிவிட வந்தவர்களும் ஏறியவர்களும் அழுத அழுகை அப்படி. பெரியப்பா அழவில்லையாம். "இந்தியாவுக்குப் போனா நல்லா படிக்கலாம்னு எல்லாரும் சொன்னாங்க. நான் கொப்பியெல்லாம் கட்டி எடுத்துக்கிட்டேன்" என்பார்.

அந்தக் கொப்பிகளை, அதாவது நோட்டுகளைத்தான் கூடலூர்ப் பள்ளியில் தலைமையாசிரியர் முன்னால் வைத்தார். அவர் மோசமான மனிதர் இல்லை. ஆனால் இலங்கையில் கொடுத்த விடுகைப் பத்திரத்தை எதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. அங்கே வகுப்பு ஜனவரியில் தொடங்குகிறது, இங்கே ஜூனில். பையன் ஒன்பதில் பாதி முடித்திருக்கிறான், ஆனால் அந்த ஒன்பதின் கடைசியில் பொதுத்தேர்வு, அதாவது அன்றைய இங்கத்திய பதினொன்று மாதிரி. அப்படியானால் இவனை எங்கே வைப்பது? ஒரு ஆங்கிலப் புத்தகத்தைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார். டவுன் பள்ளியில் ஆங்கில ஆசிரியரும் வருவதும் போவதுமாக இருந்தவர்தான். பெரியப்பா திணறினார். எட்டாம் வகுப்பு என்று எழுதினார்கள். 1968 ஜனவரியில் சட்டமன்றம் இருமொழிக் கொள்கைத் தீர்மானம் போட்டபோது தமிழ்நாட்டில் அது இந்திக்கு எதிரான கேடயம். கூடலூரில் ஒரு தலைமையாசிரியர் அறையில் நின்ற பதினைந்து வயதுப் பையனுக்கு அந்த இரண்டாவது மொழி சுவராக நின்றது. கொள்கை தப்பு என்று நான் சொல்லவில்லை, அவனை மனதில் வைத்து யாரும் அதை எழுதவில்லை.

இன்னொன்றும் அன்றைக்கு நடந்தது. எட்டாம் வகுப்பில் பதினைந்து வயதுப் பையனா என்று யோசித்த அலுவலக எழுத்தர், பிற்பாடு வேலைக்கு உதவும் என்று நல்லெண்ணத்தோடு பிறந்த வருடத்தை 1964 ஆக்கிவிட்டார். அப்போதெல்லாம் இது சர்வ சாதாரணம். பாஸ்போர்ட்டில் 1962 என்று இருப்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

ஆங்கிலம் வராதது எல்லாருக்கும் தெரியும். தமிழும் வரவில்லை என்பதுதான் யாருக்கும் தெரியாது. பேச்சுத் தமிழில் குறையில்லை, பாடப்புத்தகத் தமிழைச் சொல்கிறேன். இலங்கையில் 1950களிலிருந்தே அரசு தனியாகக் கலைச்சொற்களை உருவாக்கிப் பாடநூல்களில் போட்டுவந்தது. இங்கே தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வேறு வழியில் போனது. பெரியப்பா இரசாயனவியல் படித்தவர், இங்கே அதற்கு வேதியியல் என்று பெயர். பௌதிகவியல் இங்கே இயற்பியல். அட்சரகணிதம் இங்கே இயற்கணிதம், கேத்திரகணிதம் வடிவியல். ஒட்சிசன் ஆக்சிஜன் ஆனது, ஐதரசன் ஹைட்ரஜன் ஆனது, இலத்திரன் எலக்ட்ரான் ஆனது. தாவரம் எதை உள்ளிழுக்கிறது என்று ஆசிரியர் கேட்டதற்கு எழுந்து நின்று "காபனீரொட்சைட்டு" என்று, அதாவது கார்பன் டை ஆக்சைடு என்று, சரியான விடையைச் சொல்லியிருக்கிறார். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அதற்கப்புறம் ஒரு வருடம் வகுப்பில் அவர் வாய் திறக்கவில்லை.

நான் இதைப் பெரிதாக்குகிறேன் என்று தோன்றலாம். ஆனால் பரீட்சை என்றால் தேர்வு, பெறுபேறு என்றால் ரிசல்ட், தவணை என்றால் பருவம், அதிபர் என்றால் தலைமையாசிரியர் என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே ஒருவன் பாடத்தையும் கேட்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாதவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர ஆள் கிடைக்கும். தமிழ் தெரிந்தவனுக்குத் தமிழ் புரியவில்லை என்று யார் நம்புவார்கள்? அவராகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, நடுவில் கோடு போட்டு, இடப்பக்கம் சிலோன் சொல், வலப்பக்கம் இந்தியச் சொல் என்று எழுத ஆரம்பித்தார். மகாவலி 335 கிலோமீட்டர், பிதுருதலாகல 2,524 மீட்டர் என்று மனப்பாடம் செய்தவர், தொட்டபெட்டா 2,637 மீட்டர் என்று புதிதாகப் படித்தார். அதையும் அந்த நோட்டில் எழுதிவைத்திருக்கிறார், வலப்பக்கம்.

சொற்களைச் சமாளித்து முடிப்பதற்குள் எழுத்தே மாறியது. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. துதிக்கை வைத்து எழுதிவந்த லை, ளை, ணை, னை, சுழித்து எழுதிவந்த ணா, றா, னா முதலான பதின்மூன்று எழுத்துகளுக்குப் புது வடிவம். இதில் மட்டும் பெரியப்பாவுக்கு ஒரு சின்ன சந்தோஷம். முதல் தடவையாக வகுப்பில் எல்லாருமே அவரைப் போல் புதிதாகக் கற்றுக்கொண்டிருந்தார்கள். ஹட்டனில் இருந்த அத்தை மகனுக்குப் புது எழுத்தில் கடிதம் போட்டார். "மச்சான், உனக்கு இந்தியா போயி தமிழும் மறந்து போச்சா?" என்று பழைய துதிக்கை எழுத்தில் பதில் வந்தது.

அதே 1978இல்தான் தமிழ்நாடு பதினொரு வருடப் பள்ளி, ஒரு வருடப் புகுமுக வகுப்பு என்ற பழைய ஏணியைக் கைவிட்டுப் பத்தும் இரண்டும் என்ற அமைப்புக்கு வந்தது. முதல் பிளஸ் டூ தேர்வு 1980இல் நடந்தது. பழைய கணக்குப்படி பெரியப்பா எஸ்.எஸ்.எல்.சி. எழுத 1981 ஆகியிருக்கும், புதிய கணக்கில் 1980. ஒரு வருடம் மிச்சம்! நியாயமாகச் சொன்னால் இந்தச் சீர்திருத்தம் அவருக்கு நல்லதைத்தான் செய்தது. கல்லூரி இருந்த ஊட்டிக்குப் போய்ப் புகுமுகம் படிக்கத் தேவையில்லாமல் அருகிலேயே பிளஸ் டூ படிக்கவும் வழி வந்தது. ஆனால் மிச்சமான அந்த வருடத்தை ஆங்கிலம் எடுத்துக்கொண்டது. முதல் முறை 29 மதிப்பெண், தேவை 35. அக்டோபரில் மறுபடி எழுதித் தேறினார். அதற்குள் பிளஸ் ஒன் சேர்க்கை முடிந்துவிட்டதால் 1981இல் சேர்ந்து 1983இல் பிளஸ் டூ முடித்தார். நிஜ வயது இருபத்தொன்று, காகிதத்தில் பத்தொன்பது. ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் எழுத்தர் வேலை கிடைத்தது, அதிலேயே இருந்துவிட்டார்.

ஹட்டனில் தங்கிய அந்த அத்தை மகனின் கதையையும் சேர்த்துப் பார்த்தால்தான் படம் முழுமையாகும். அவர் ஒரு வகுப்பு மேலே. 1976 டிசம்பரில் அந்தப் புதிய தேசியப் பத்திரத் தேர்வை எழுதித் தேறினார். 1977 ஜூலையில் ஜெயவர்தனாவின் கட்சி ஆட்சிக்கு வந்தது. சீர்திருத்தத்தைத் திருப்பிப் போட்டு, பழைய சாதாரண தரத்தையும் உயர்தரத்தையும் கொண்டுவந்தார்கள். இவர் கையில் இருந்த பத்திரத்துக்கு, அது என்ன பத்திரம் என்று போகும் இடமெல்லாம் விளக்கம் சொல்லவேண்டி வந்தது. கடைசியில் சாதாரண தரத்தையும் ஒருமுறை எழுதிவிட்டார். அரசாங்கம் ஒரு திட்டத்தைத் திரும்பப் பெறும்போது அதற்குள் படித்து வெளியே வந்த பிள்ளையைத் திரும்பப் பெற முடிவதில்லை. இங்கேயும் 2017-18இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்து, 2025 ஆகஸ்டில் வெளியான மாநிலக் கல்விக் கொள்கையில் எடுத்துவிட்டார்கள். நடுவில் அதற்காக ராத்தூக்கம் கெட்டுப் படித்தவர்கள் எத்தனை பேர்.

ஆனால் அந்த மச்சானுக்கு அடுத்த திருப்பம் சாதகமாக இருந்தது. தோட்டப் பள்ளிகளை அரசு எடுத்துக்கொண்டபோது அவற்றுக்கு ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். மலையகப் பிள்ளைகளே ஆசிரியர்களாக நியமனம் பெற்றார்கள். 1980களில் சுவீடன் நாட்டு உதவியோடு தோட்டப் பள்ளிகளுக்குக் கட்டடங்களும் பயிற்சியும் வந்தன. சாதாரண தரம் தேறிய அவர் ஆசிரியராகி, பிறகு பயிற்சி பெற்று, அதிபராக ஓய்வு பெற்றார். படிப்புக்காக நாடு மாறியவர் எழுத்தர், மாறாதவர் அதிபர். அதற்காக அங்கேயே இருந்தவர்கள் நன்றாக இருந்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. 1977 ஆகஸ்டிலும் 1983 ஜூலையிலும் தமிழர்களுக்கு எதிரான கலவரங்களில் மலையகத்தில் எரிந்த லயங்கள் எத்தனையோ. மச்சான் இரண்டு முறை வீட்டை விட்டு ஓடியவர்.

1983க்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தவர்களையும் இவர்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறவர்கள் இன்றும் உண்டு. பெரியப்பா 'தாயகம் திரும்பியவர்', இந்தியக் குடிமகன். பின்னால் படகில் வந்தவர்கள் அகதிகள். இரண்டு பேரின் பிள்ளைகளும் ஒரே அரசுப் பள்ளியில், ஒரே புத்தகத்தில் படித்தார்கள். வித்தியாசம் பிளஸ் டூவுக்குப் பிறகு தெரியும். தொழிற்கல்லூரி வாசலில் குடியுரிமை கேட்பார்கள். முகாம் மாணவர்களுக்கு என்று இருந்த வாய்ப்புகள் 1991 மே மாதம் ராஜீவ் காந்தி கொல்லப்பட்ட பிறகு அடைபட்டன, பின்னால் வந்த ஆட்சிகள் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தன. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய்த் திட்டத்தோடு முகாம்களின் பெயரையும் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். பொறியியல் படிக்கும் முகாம் மாணவர்களில் ஐம்பது பேருக்குக் கட்டணத்தை அரசு ஏற்கும் என்றார்கள். அப்போது முகாம்களில் இருந்தவர்கள் 58 ஆயிரத்துக்கும் மேல். 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் அவர்களுக்கு இடமில்லை.

2009இல் போர் முடிந்தபிறகு சில குடும்பங்கள் முகாமிலிருந்து திரும்பிப் போகத் தொடங்கின. பெரியப்பா பட்டதையெல்லாம் அந்தப் பிள்ளைகள் தலைகீழாகப் பட்டார்கள். மே மாதம் இங்கே வகுப்பு முடித்துக்கொண்டு போனால் அங்கே வருடத்தின் நடுப்பகுதி. இங்கே கண்ணால் பார்த்திராத சிங்களம் இரண்டாம் மொழியாக இருக்கும். சாதாரண தரத்தில் சமயமும் ஒரு பாடம், தமிழ்நாட்டுப் பள்ளியில் அப்படி ஒன்றே கிடையாது. பிறந்தது தமிழ்நாட்டில் என்பதால் முதலில் இலங்கைக் குடிமகனாகப் பதிவு செய்தாக வேண்டும்.

ஓய்வுக்கு இரண்டு வருடம் முன்பு, மன்னாருக்குத் திரும்பவிருந்த ஒரு குடும்பம், தெரிந்தவர் மூலமாகப் பெரியப்பாவைத் தேடி வந்தது. மகள் ஒன்பதாம் வகுப்பு. அங்கத்திய பள்ளிக்கூடம் எப்படி இருக்கும் ஐயா என்று தந்தை கேட்டார். நான் விட்டு வந்து நாற்பது வருடம் ஆச்சே தம்பி என்று சொல்லிவிட்டு உள்ளே போனவர், அந்த நாற்பது பக்க நோட்டோடு வந்தார். "இதுல வலது பக்கத்த மூடிக்கிட்டுப் படிம்மா" என்றார். அந்தப் பெண் வாசித்தாள். காபனீரொட்சைட்டு என்ற இடத்தில் அவளும் சிரித்துவிட்டாள். பெரியப்பா கடைக்குப் போய் நகல் எடுத்துவந்து கொடுத்தார். நோட்டைக் கொடுக்கவில்லை.